முகவரியை யாரும் ஒதுக்கித் தருவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு வணிகப் பக்கத்தில் வந்த கிரிப்டோ விளக்கக் கட்டுரையோடு ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தது. அதில் இரண்டு வரிகள். 'பிட்காயின் முகவரி வங்கிக் கணக்கு எண்ணைப் போன்றது, வாலட் நிறுவனம் ஒதுக்கித் தரும்' என்பது ஒன்று. (வாலட் என்பது கிரிப்டோ நாணயத்தைக் கையாளும் மென்பொருள்.) 'பிரைவேட் கீ ஒரு பாஸ்வேர்டு, மறந்தால் மாற்றிக்கொள்ளலாம்' என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. படித்து மறந்துவிடுகிற தவறாக இருந்தால் கடிதம் எழுத வேண்டியதில்லை. ஆனால் கிரிப்டோ நாணயமும் சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. இனி பாகப்பிரிவினையிலும் ஜப்தியிலும் இந்தச் சொத்து வந்து நிற்கும். அன்றைக்கு வக்கீலோ, காவல் ஆய்வாளரோ, வீட்டுப் பெரியவரோ இந்த இரண்டு வரிகளை நம்பிக்கொண்டிருந்தால் பணம் போனது போனதுதான்.

வங்கியில் முதலில் கணக்கு, பிறகு எண், அதன் பிறகு ரகசிய பின். இங்கே வரிசை தலைகீழ். முதலில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம், அதுதான் பிரைவேட் கீ, தனிச்சாவி. அதை வைத்துக் கணக்குப் போட்டால் பப்ளிக் கீ, பொதுச்சாவி, வரும். பொதுச்சாவியை மேலும் அரைத்தால் முகவரி வரும். இதற்கு நிறுவனம் வேண்டாம், அனுமதி வேண்டாம், இணையமே வேண்டாம். வைஃபை கார்டைக் கழற்றிவிட்ட பழைய லேப்டாப் ஒன்று ரிச்சி தெருவில் வாங்கினால் போதும். அந்த முகவரிக்கு முதல் நாணயம் வந்து சேரும் வரை அப்படி ஒரு முகவரி இருப்பதே பிட்காயின் வலைப்பின்னலுக்குத் தெரியாது. 'கணக்கு தொடங்கிய தேதி' என்று எதுவும் இல்லாததால், அதை யாரிடமும் கேட்டு வாங்கவும் முடியாது.

தனிச்சாவி என்பது 1 முதல் ஒரு 78 இலக்க எண் வரைக்குள் ஏதோ ஓர் எண். பொதுச்சாவி என்பது ஒரு வளைவின் மேலுள்ள ஒரு புள்ளி. எண் எப்படிப் புள்ளியாகிறது என்பதைப் பெரும்பாலான கட்டுரைகள் 'சிக்கலான கணிதம்' என்று சொல்லித் தாண்டிவிடுகின்றன. ஒரு பென்சில் இருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளையே போட்டுப் பார்க்கலாம்.

பிட்காயினும், எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோவும் பயன்படுத்தும் வளைவுக்கு செக்பி256கே1 என்று பெயர். அதன் விதி இவ்வளவுதான்: புள்ளியின் செங்குத்து எண்ணின் வர்க்கம், கிடைமட்ட எண்ணின் கனத்தோடு 7 கூட்டியதற்குச் சமமாக இருக்க வேண்டும். எல்லாக் கணக்கும் ஒரு பிரம்மாண்டமான பகா எண்ணுக்குள் கடிகாரம் போலச் சுற்றும். அந்தப் பகா எண்ணுக்குப் பதில் 17 என்று வைத்துக்கொள்வோம். 16-க்குப் பிறகு மறுபடி 0. தொடக்கப் புள்ளி (1, 5). சரியா என்று பார்க்க: 5-இன் வர்க்கம் 25, அதில் 17 போனால் 8. 1-இன் கனம் 1, அதோடு 7 சேர்த்தாலும் 8. பொருந்துகிறது.

இந்தப் புள்ளியை அதனோடே கூட்ட வேண்டும். அதற்கு அந்தப் புள்ளியில் தொடுகோட்டின் சாய்வு வேண்டும்: கிடைமட்ட எண்ணின் வர்க்கத்தை 3-ஆல் பெருக்கி, செங்குத்து எண்ணின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். அதாவது 3-ஐ 10-ஆல் வகுக்க வேண்டும். கடிகாரக் கணக்கில் பின்னம் கிடையாது. 10-ஐ எதால் பெருக்கினால் மீதி 1 வருமோ, அதால் பெருக்குவதுதான் இங்கே வகுத்தல். 10-ஐ 12-ஆல் பெருக்கினால் 120, அதில் 119 போனால் 1. ஆகவே 3-ஐ 12-ஆல் பெருக்கினால் 36, அதில் 34 போனால் 2. சாய்வு 2. புதிய கிடைமட்ட எண், சாய்வின் வர்க்கத்திலிருந்து 1-ஐ இரு முறை கழித்தது: 4 – 1 – 1 = 2. புதிய செங்குத்து எண், 2 × (1 – 2) – 5 = –7, கடிகாரத்தில் 10. கிடைத்த புள்ளி (2, 10). 10-இன் வர்க்கம் 100, மீதி 15. 2-இன் கனம் 8, 7 சேர்த்தால் 15. வளைவை விட்டு நகரவில்லை.

இதோடு மறுபடி மறுபடி தொடக்கப் புள்ளியைக் கூட்டிக்கொண்டே போனால் (5, 9), (12, 1), (12, 16), (5, 8), (2, 7), (1, 12) என்று வரும். ஒன்பதாவது முறை கோடு செங்குத்தாகி வளைவை மறுபடி வெட்டாமல் போய்விடும், சுற்று அங்கே முடிகிறது. ஆக, இந்தப் பொம்மை வளைவில் தனிச்சாவி 1 முதல் 8 வரை. சாவி 3 என்றால் பொதுச்சாவி (5, 9). சாவி 6 என்றால் (5, 8).

இப்போது (2, 7) என்ற பொதுச்சாவியைக் கொடுத்து 'தனிச்சாவி என்ன?' என்று கேட்டால், வரிசையை எண்ணி 7 என்று சொல்லிவிடலாம். 78 இலக்கத்தில் அப்படி எண்ண முடியாது. முன்னோக்கிப் போவது சுலபம்: ஒவ்வொன்றாகக் கூட்டாமல் இரட்டித்து இரட்டித்துப் போனால் சுமார் 500 கூட்டல்களுக்குள் வேலை முடியும், ஃபோனில் கண் இமைக்கும் நேரம்தான். திரும்பி வருவதற்கு, இன்றைய கணினிகளுக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழியிலும் படிகளின் எண்ணிக்கை 39 இலக்கம். பாஸ்வேர்டை மாற்றுவது போல இதை மாற்ற முடியாததற்கும் இதுவே காரணம். தனிச்சாவியை மாற்றினால் புள்ளி மாறும், புள்ளி மாறினால் முகவரி மாறும். பழைய முகவரியில் கிடக்கும் நாணயம் பழைய சாவிக்கு மட்டுமே அசையும்.

மேலே உள்ள புள்ளிகளில் இன்னொன்றையும் கவனிக்கலாம். (5, 9), (5, 8) இரண்டுக்கும் கிடைமட்ட எண் ஒன்றே. செங்குத்து எண்கள் 9 + 8 = 17. (12, 1), (12, 16) ஜோடிக்கும் கூட்டுத்தொகை 17. பகா எண் ஒற்றைப்படை என்பதால் ஜோடியில் ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை. ஆகவே முழுப் புள்ளியையும் எழுத வேண்டியதில்லை, கிடைமட்ட எண்ணும் 'ஒற்றையா இரட்டையா' என்ற குறிப்பும் போதும். இப்படித்தான் 65 பைட் பொதுச்சாவி 33 பைட்டாகச் சுருங்குகிறது. முழு வடிவம் 4 என்ற பைட்டில் தொடங்கும். சுருக்க வடிவம் இரட்டை என்றால் 2, ஒற்றை என்றால் 3.

சென்ற பத்தாண்டில் காகித வாலட், அதாவது தனிச்சாவியைத் தாளில், அச்சிட்டு வைத்தவர்களுக்கு இங்கேதான் ஒரு குழி. தனிச்சாவி ஒன்றே என்றாலும் முழு வடிவத்தை அரைத்தால் ஒரு முகவரி, சுருக்க வடிவத்தை அரைத்தால் வேறு முகவரி. காகிதத்தில் உள்ள பிட்காயின் தனிச்சாவி 5 என்று தொடங்கி 51 எழுத்து இருந்தால் அது முழு வடிவத்துக்கானது. கே அல்லது எல் என்று தொடங்கி 52 எழுத்து இருந்தால் சுருக்க வடிவத்துக்கானது. மென்பொருள் தவறான வடிவத்தை எடுத்துக்கொண்டால் இருப்பு பூஜ்யம் என்று காட்டும். பணம் எங்கும் போகவில்லை, பக்கத்து முகவரியில் இருக்கிறது. பூஜ்யத்தைப் பார்த்த கோபத்தில் காகிதத்தைக் கிழித்துப் போடாமல் இருந்தால் சரி.

பொதுச்சாவியிலிருந்து முகவரிக்கு வருவது ஹேஷ் என்னும் அரைப்பு. மாவாக அரைத்ததை மறுபடி அரிசியாக்க முடியாது, ஆனால் அதே அரிசியை எத்தனை முறை அரைத்தாலும் இந்தக் கிரைண்டரில் அச்சு அசலாக அதே மாவுதான் வரும். பிட்காயினில் இரண்டு ஈடு: ஷா-256 முதலில், 32 பைட் வரும்; அதை ரைப்எம்டி-160-இல் போட்டால் 20 பைட். பழைய வகை முகவரியில் அந்த 20 பைட்டின் முன்னால் பூஜ்யம் என்ற ஒரு பைட் வைக்கிறார்கள். இந்த 21 பைட்டை ஷா-256-இல் இரண்டு முறை அரைத்து, முதல் 4 பைட்டை மட்டும் எடுத்துக் கடைசியில் ஒட்டுகிறார்கள். மொத்தம் 25 பைட். அதை 58 எழுத்துக் கணக்கில் எழுதினால் 1 என்று தொடங்கும் முகவரி. எண் பூஜ்யம், பெரிய ஓ, பெரிய ஐ, சின்ன எல் ஆகிய நான்கும் அந்த 58-இல் கிடையாது. கையால் எழுதும்போது ஒன்றை ஒன்றாக மயங்கக் கூடாது என்பதற்காக விட்டார்கள்.

ஒட்டிய அந்த 4 பைட் ஒரு சோதனைக்குறி. ஓர் எழுத்து மாறினாலும் குறி பொருந்தாது, வாலட் அனுப்ப மறுக்கும். தற்செயலான தவறு தப்பிப் போக வாய்ப்பு சுமார் 430 கோடியில் ஒன்று. இந்த 430 கோடி என்ற எண்ணை நினைவில் வையுங்கள், கீழே மறுபடி வரும், வேறு முகத்தோடு.

2017-க்குப் பிறகு வந்த புதிய வகை முகவரிகள் பிசி1 (bc1) என்று தொடங்கும். பிசி1க்யூ (bc1q) என்று தொடங்கும் சாதாரண வகை 42 எழுத்து. எல்லாம் சிறிய எழுத்து என்பதால் ஃபோனில் ஒருவருக்குப் படித்துச் சொல்ல வசதி. நான்கு எழுத்து வரை தவறினால் நிச்சயம் பிடித்துவிடும். ஒரே ஓட்டை: முகவரி பி-யில் (p) முடிந்தால், அதற்கு முன்னால் க்யூ எழுத்து ஒன்று கூடினாலும் குறைந்தாலும் சோதனைக்குறி கண்டுகொள்ளாது. நீளம் மாறுவதால் சாதாரண வகையில் வாலட்டே நிராகரித்துவிடும். 2021-இல் வந்த டேப்ரூட் வகைக்கு, பிசி1பி (bc1p) என்று தொடங்கி 62 எழுத்து வருவதற்கு, குறியையே திருத்திவிட்டார்கள்.

எத்தீரியத்தில் வேறு கிரைண்டர். முழுப் பொதுச்சாவியிலிருந்து முன்னால் உள்ள 4 என்ற பைட்டைக் கழற்றிவிட்டு, மிச்சமுள்ள 64 பைட்டை மட்டும் கெக்காக்-256-இல் அரைத்து, கடைசி 20 பைட்டை எடுத்தால் அதுவே முகவரி. 0எக்ஸ் என்பதற்குப் பின் 40 எழுத்து. சொந்தமாக நிரல் எழுதிப் பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, அந்த 4-ஐக் கழற்ற மறப்பது. மற்றது, கெக்காக்கும் 2015-இல் அமெரிக்கத் தரநிலையாக வெளிவந்த ஷா-3-யும் ஒன்று என்று எடுத்துக்கொள்வது. கடைசியில் சேர்க்கும் நிரப்பு பிட்டில் சின்ன வித்தியாசம், விடை முழுக்க வேறு. தவறாக வந்த முகவரியும் பார்க்க அச்சு அசல் முகவரி போலவே இருக்கும், அதுதான் ஆபத்து. அதற்குப் பணம் அனுப்பினால் எடுக்க யாரிடமும் சாவி இல்லை.

எத்தீரிய முகவரியில் சில எழுத்து பெரியதாகவும் சில சிறியதாகவும் இருப்பது அழகுக்காக அல்ல, அதுதான் அங்கே சோதனைக்குறி. கை தவறினால் சராசரியாக நாலாயிரத்தில் ஒன்றுதான் தப்பும். ஆனால் முகவரியை முழுக்கச் சின்ன எழுத்தில் எழுதி அனுப்பினால் அந்தக் காவல் போய்விடும். நன்றாக இருக்கட்டும் என்று அச்சகத்தில் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்குவதும், வரி முடிவில் இணைப்புக்கோடு போட்டு உடைப்பதும் பத்திரிகைகள் செய்யக்கூடிய காரியம் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

டிரான் என்ற இன்னொரு வலைப்பின்னலின் முகவரி டி (T) என்று தொடங்கி 34 எழுத்து வரும். வேறு உலகம் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது எத்தீரியத்தின் அதே 20 பைட்; முன்னால் ஒரு பைட், பின்னால் பிட்காயின் பாணிச் சோதனைக்குறி. எத்தீரியம், பாலிகான், பிஎன்பி ஆகிய வலைப்பின்னல்களில் முகவரி ஒன்றே. அதனால் நெட்வொர்க் மாற்றி அனுப்பிய யுஎஸ்டிடி என்ற டாலர் மதிப்பு நாணயம், சாவி நம் கையில் இருந்தால் பெரும்பாலும் மீளும், எக்ஸ்சேஞ்ச் என்னும் கிரிப்டோ சந்தைத் தளத்தின் முகவரிக்குப் போயிருந்தால் அவர்கள் மனது வைத்தால் உண்டு. சோலானாவில் அரைப்பே கிடையாது, பொதுச்சாவியேதான் முகவரி, சோதனைக்குறியும் இல்லை. அங்கே கையால் தட்டவே கூடாது.

இனி அந்த 430 கோடி. கை தவறுக்கு எதிராக அது பெரிய எண். திருடனுக்கு எதிராக மிகச் சிறிய எண். எத்தீரிய முகவரியைச் சரிபார்க்கும்போது பலரும் முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். ஓர் இடத்துக்கு 16 வாய்ப்பு, எட்டு இடம், பெருக்கினால் அதே 430 கோடி. கிராபிக்ஸ் கார்டு போட்ட ஒரு கணினி அத்தனை சாவிகளை முயன்று, உங்கள் நண்பரின் முகவரிக்கு முன்னும் பின்னும் ஒத்த ஒரு முகவரியை டீ குடித்து வருவதற்குள் செய்துவிடும். பிறகு அதிலிருந்து பூஜ்யமோ சில பைசாவோ உங்களுக்கு அனுப்பிவைப்பான். அது உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் வந்து உட்காரும். அடுத்த மாதம் நீங்கள் பட்டியலிலிருந்து காப்பி எடுத்து அனுப்புவீர்கள். சோதனைக்குறி எதுவும் சொல்லாது, ஏனென்றால் அது போலி முகவரிக்கும் சரியான குறியே. தடுக்க வழி, பட்டியலிலிருந்து காப்பி எடுக்காமல் இருப்பதும், நடுவிலுள்ள எழுத்துகளையும் படிப்பதும். ஒட்டும் நேரத்தில் முகவரியை மாற்றிவிடும் கிளிப்போர்டு வைரஸும் உண்டு. ஒட்டிய பிறகு ஒருமுறை, ஹார்டுவேர் வாலட் (சாவியை வைத்திருக்கும் தனிக் கருவி) இருந்தால் அதன் திரையில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். முதலில் சிறு தொகை அனுப்பிப் பார்ப்பது அலுப்புதான், ஆனாலும் செய்யுங்கள். ஏமாந்தவர்கள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதியலாம். பரிவர்த்தனையை ரத்து செய்ய மட்டும் யாராலும் ஆகாது.

அதே 430 கோடி இன்னொரு கதவு வழியாகவும் வந்திருக்கிறது. விரும்பிய எழுத்துகளில் தொடங்கும் எத்தீரிய முகவரி செய்து தரும் ப்ரொஃபானிட்டி என்ற கருவி, 256 பிட் சாவியை வெறும் 32 பிட் விதையிலிருந்து, அதாவது தொடக்க எண்ணிலிருந்து, முளைக்க வைத்தது. (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்.) 32 பிட் என்றால் 430 கோடிதான். 2022 செப்டம்பரில் அந்த ஓட்டை வெளிவந்த கையோடு, அதில் செய்த முகவரி வழியாக விண்டர்மியூட் என்ற கிரிப்டோ வணிக நிறுவனம் சுமார் 16 கோடி டாலர் இழந்தது. 2023-இல் லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்ற சாவி உருவாக்கும் கருவியிலும் இதே 32 பிட் குறை வெளிவந்தது. வளைவும் சரி, ஹேஷும் சரி, முகவரியைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. எண்ணைத் தேர்ந்தெடுத்த இடம் மட்டும் அழுகல். பிடித்த வாக்கியத்தை ஷா-256-இல் போட்டுச் சாவியாக்கும் பழக்கமும் இதே ரகம். குறள் மொத்தம் 1330. ஒவ்வொன்றையும் ஆயிரம் விதமாக எழுதினாலும் 13 லட்சம்தான் வருகிறது, திருடனின் கணினிக்கு ஒரு நொடி வேலை.

கணினியை நம்பாதவர்களுக்கு நம் வீட்டுத் தாயக்கட்டை இருக்கிறது. ஒரு கட்டைக்கு நான்கு முகம், அதாவது சரியாக 2 பிட். ஆறு முகப் பகடையில் வரும் பின்னத் தொல்லை இதில் இல்லை. இரண்டு கட்டையை உருட்டினால் 4 பிட், 32 முறை உருட்டினால் 128 பிட், வாலட்டின் காப்பான பன்னிரண்டு வார்த்தைக்கு அது போதும். ஆனால் விளையாட்டில் போல இரண்டையும் கூட்டிச் சொல்லக் கூடாது. கூட்டினால் 3 அடிக்கடி விழும், 0-வும் 6-உம் அரிதாக விழும், சீர்மை கெட்டுவிடும். ஒரு கட்டைக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, எப்போதும் அதை முதலில் எழுத வேண்டும். தேய்ந்த பித்தளைக் கட்டை ஒரு பக்கம் சாயும் என்பதால் இரு மடங்கு உருட்டி, எல்லாவற்றையும் ஷா-256-இல் அரைத்து, முதல் 128 பிட்டை எடுத்துக்கொள்வது நல்லது.

அந்த 128 பிட்டோடு 4 பிட் சோதனைக்குறி சேர்ந்து 132, அதைப் பதினொன்று பதினொன்றாக வெட்டினால் 12 துண்டு. ஒவ்வொரு துண்டும் 2048 வார்த்தைப் பட்டியலில் ஓர் இடம். வாலட் தரும் பன்னிரண்டு வார்த்தை இதுதான். அதிலிருந்து ஒரு பெரிய விதை, விதையிலிருந்து கிளை கிளையாக எத்தனை தனிச்சாவி வேண்டுமானாலும். ஒவ்வொரு முறையும் புதிய முகவரி காட்டினாலும் காப்பு ஒன்றே போதும் என்பது இதனால்தான்.

பட்டியல்களில் தமிழ் இல்லை. பெரும்பாலான வாலட்டுகள் ஆங்கில வார்த்தைகளையே தருகின்றன. அதைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதி பீரோவில் வைப்பது நம் வீடுகளில் இயல்பு. அங்கே விபத்து காத்திருக்கிறது. பட்டியலில் மின்விளக்கைக் குறிக்கும் வார்த்தையும் உண்டு, பழக்கூழைக் குறிக்கும் வார்த்தையும் உண்டு. தமிழில் இரண்டுமே 'பல்ப்'. கடற்கரையைக் குறிப்பதும் பேயைக் குறிப்பதும் 'கோஸ்ட்'. க, ப ஒவ்வொன்றும் நமக்கு ஒரே எழுத்து, ஆங்கிலத்தில் இரண்டிரண்டு. அப்படி எழுதி வைத்துவிட்டவர்கள் பதற வேண்டாம். ஐயமுள்ள வார்த்தை இரண்டு என்றால் நான்கு சேர்க்கை, தவறான ஒரு சேர்க்கை சோதனைக்குறியைத் தாண்ட வாய்ப்பு பதினாறில் ஒன்றுதான், இணையம் இல்லாத கணினியில் முயன்று பார்த்தால் கிடைத்துவிடும். இனி எழுதுபவர்கள் ஆங்கில எழுத்திலேயே, வரிசை எண்ணோடு எழுதட்டும். ஒவ்வொரு வார்த்தையின் முதல் நான்கு எழுத்தே அதை அடையாளம் காட்டிவிடும். 2015 வெள்ளத்தில் எத்தனை வீட்டின் பத்திரம் நனைந்தது என்பது ஊருக்கே தெரியும். ஜெல் பேனாவால் எழுதிய காகிதத்தைத் தரைத்தளத்தில் வைப்பதைவிட ஓர் எவர்சில்வர் தட்டில் 48 எழுத்தை வெட்டிவைப்பது மேல். பாத்திரத்தில் பெயர் வெட்டும் கடையில் கொடுக்காமல், அந்தச் சின்ன மெஷினை இரவல் வாங்கி நாமே வெட்ட வேண்டும்.

பன்னிரண்டு வார்த்தையோடு கூடுதலாக ஒரு ரகசியச் சொல்லும் வைக்கலாம். அதைத் தமிழில் வைக்க ஆசைப்படுபவர்கள் உண்டு. 'கொடி' என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியைக் கணினி ஒரே குறியீடாகவும் வைக்கும், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கும். கண்ணுக்கு ஒன்று, அரைக்கும்போது வேறு. தரநிலையைச் சரியாகப் பின்பற்றும் வாலட் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் அரைக்கும், பின்பற்றாதது கைவிட்டுவிடும். 'கௌரி' இன்னும் மோசம். ஔகாரக் குறி போட்டும் எழுதலாம், எகரக் கொம்போடு ளகரத்தை வைத்தும் எழுதலாம். இந்த இரண்டையும் எந்த வாலட்டும் ஒன்றாக்காது. இதில் கொடுமை, தவறான ரகசியச் சொல் போட்டால் 'தவறு' என்று எதுவும் சொல்லாது. காலியான வேறொரு வாலட்டை அமைதியாகத் திறந்து காட்டும். வாரிசு 'அப்பா ஒன்றும் வைக்கவில்லை' என்று முடிவு கட்டிவிடுவார்.

காலி வாலட் தோன்ற வேறு காரணமும் உண்டு. விதையிலிருந்து எந்தக் கிளை வழியாகப் போவது என்பது வாலட்டுக்கு வாலட் மாறும். ஒரு வகை முகவரிக்கு 44 என்ற கிளை, பிசி1க்யூ வகைக்கு 84, டேப்ரூட்டுக்கு 86. அதனால் குடும்பத்துக்கு விட்டுச்செல்லும் குறிப்பில் வார்த்தைகள் மட்டும் போதாது. எந்த வாலட் மென்பொருள், எந்த நாணயம், முகவரி எந்த எழுத்தில் தொடங்கியது, கூடுதல் ரகசியச் சொல் உண்டா இல்லையா, இத்தனையும் வேண்டும். ஏற்கெனவே பயன்பட்ட ஒரு முகவரியை எழுதி வைத்தால் மீட்பவர் சரியான கிளையைப் பிடித்தாரா என்று உடனே தெரியும். முகவரியை யாரும் பார்க்கலாம், அதனால் நஷ்டமில்லை. எக்ஸ்சேஞ்சில் கிடக்கும் நாணயத்துக்கு இந்தக் கதை எதுவும் பொருந்தாது. அங்கே சாவி அவர்களுடையது, வாடிக்கையாளருக்கு இருப்பது பாஸ்வேர்டு மட்டுமே. உங்கள் பெட்டிச் செய்தி எழுதியவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டார் என்று தோன்றுகிறது.

பறிமுதல் விஷயமும் இதே. ஃபோனுக்குச் சீல் வைத்து மால்கானாவில் (காவல் நிலையத்தில் பறிமுதல் பொருள் வைக்கும் அறையில்) போட்டால் நாணயம் கைக்கு வந்ததாகாது. நாணயம் ஃபோனுக்குள் இல்லை, பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. பன்னிரண்டு வார்த்தை இன்னொருவர் டைரியில் இருந்தால் அன்று இரவே நகர்த்திவிடுவார். துறை தானே உருவாக்கிய சாவியின் முகவரிக்கு, பஞ்சநாமா சாட்சிகள் முன்னிலையில் மாற்றி, பரிவர்த்தனை எண்ணைப் பதிவு செய்தால்தான் அது பறிமுதல்.

அடுத்த ஞாயிறு இரண்டு வரிகளுக்கும் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறோம். அதோடு இன்னொன்று: கட்டுரைக்கு நடுவே விளக்கப் படமாக ஒரு தனிச்சாவியும் அதன் முகவரியும் கட்டம் போட்டு அச்சாகியிருந்தன. அது வெறும் படம் அல்ல, வேலை செய்யும் சாவி. அச்சில் வந்த சாவிகளின் முகவரிகளை நாள் முழுக்கக் கண்காணித்து, நாணயம் விழுந்த நொடியில் உருவும் நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. யாரும் சோதித்துப் பார்க்க அதில் பணம் போட வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பாதுகாப்புப் பணியிலுள்ள வாசகர்கள்,
பெருங்குடி, சென்னை – 96